தார் பூசிய வேலி

ஃபிரெடெரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, 1845இல் தன் கதையைத் தானே எழுதியவர். அந்தக் கதையில் ஒரு பழத்தோட்டம் வருகிறது. மேரிலாந்தில் கர்னல் லாயிடு என்கிற பண்ணையாருக்குச் சொந்தமான தோட்டம். தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வெள்ளைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம். ஆப்பிளிலிருந்து ஆரஞ்சு வரைக்கும் காய்க்கும். அதைச் சுற்றிப் பசியோடு அலைகிற அடிமைகள். பெரியவர், சின்னவர் எல்லோரும் திருடித் தின்றார்கள். அடித்துப் பார்த்தான், நிற்கவில்லை. கடைசியில் கர்னல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். வேலி முழுக்கத் தாரைப் பூசச் சொன்னான். எவன் உடம்பில் தார் ஒட்டியிருக்கோ அவன் தோட்டத்துக்குள்ள போனவன், இல்லன்னா போகப் பார்த்தவன். ரெண்டுக்கும் சவுக்கடிதான்.

அதே அடிமைகளுக்குப் பண்ணை அளந்து கொடுத்த படி: மாதத்துக்கு எட்டுப் பவுண்டு பன்றிக்கறி அல்லது அதற்கு ஈடாக மீன், ஒரு புஷல் சோளமாவு. இதையும் டக்ளஸ்தான் எழுதி வைத்திருக்கிறார். பழம் கிடையாது. பழம் கண்ணுக்கு எதிரே தொங்கியது.

எங்க ஊர் மாந்தோப்புக் காவக்காரன் தார் எல்லாம் பூசல. சேரிப் பிள்ளைகளை வரிசையா நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பான். டக்ளஸைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது அந்த வாடைதான். சரி, அது இருக்கட்டும்.

அமெரிக்கக் கறுப்பர்களின் தட்டில் என்ன விழவேண்டும், விழக்கூடாது என்பதைத் தீர்மானித்தவர்களின் வரலாறு இந்த வேலியிலிருந்து நீளுகிறது. அதில் ஒரு அத்தியாயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 2008 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர சபை ஒரு சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. நகரத்தின் தெற்குப் பகுதியில், சுமார் 32 சதுர மைல் பரப்பில், புதிதாக பாஸ்ட்புட் கடை திறக்கக் கூடாது. அங்கே குடியிருந்தவர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில். கறுப்பர்களும், மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கமிருந்து வந்த லத்தீன் மக்களும். ஏழைகள். குண்டு உடம்பும் சர்க்கரை வியாதியும் நகரத்தின் மற்றப் பகுதிகளைவிட அங்கே அதிகம். சட்டத்தைக் கொண்டு வந்தவர் ஜேன் பெர்ரி என்கிற கவுன்சிலர், கறுப்பினப் பெண். முதலில் ஒரு வருடத்துக்கு என்று வந்தது. நீட்டித்தார்கள். 2010 டிசம்பரில் நிரந்தர விதியாகவே ஆக்கினார்கள்: ஏற்கெனவே இருக்கிற பாஸ்ட்புட் கடையிலிருந்து அரை மைலுக்குள் தனிக் கட்டிடத்தில் இன்னொரு கடை வரக்கூடாது.

பாஸ்ட்புட் கடை என்றால் எது? சட்டத்துக்கு இலக்கணம் வேணுமில்லையா. கொஞ்ச வகைப் பண்டங்களே இருக்கும். முன்னாலேயே செய்து வைத்திருப்பார்கள், அல்லது சட்டென்று சூடாக்கித் தருவார்கள். மேஜைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். தூக்கியெறிகிற தாளில் சுற்றித் தருவார்கள். இந்த இலக்கணப்படி பார்த்தா நம்ம பஸ் ஸ்டாண்டு பொட்டலச் சோத்துக் கடையும் மாட்டிக்கும்.

சட்டம் வந்ததும் ரெண்டு கூச்சல் எழுந்தன. ஓட்டல் முதலாளிகளும் சுதந்திரச் சந்தை பக்தர்களும், அரசாங்கம் ஆயா வேலை பார்க்குது, எதைத் தின்பது என்பது தனிமனிதன் விருப்பம் என்றார்கள். ஆதரித்தவர்கள், விருப்பம் என்று பேச வேண்டுமானால் முதலில் தேர்வு செய்ய இரண்டு பொருளாவது இருக்கணும், தெருவுக்குத் தெரு பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் மட்டும் இருந்தால் அது விருப்பமா என்று கேட்டார்கள். காலி மனைகள் இனியும் பர்கர் கடைக்குப் போகாமல் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல் வரும், காய்கறிக் கடை வரும் என்பது பெர்ரியின் கணக்கு.

இதைப் படிக்கிற நமக்கு, தலித்துகளுக்கு, இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்று உடனே தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். நம்ம தட்டை எட்டிப் பார்க்கிற கண்ணு நமக்குப் பழக்கமானது. 1932இல் ஹரிஜன சேவக சங்கம் தொடங்கியவர்கள் சேரிக்கு வந்து, குளி, மாட்டுக்கறியை விடு, சாராயத்தை விடு என்றுதான் பாடம் நடத்தினார்கள். மகாராஷ்டிரத்தில் 2015இல் மாட்டுக்கறி வைத்திருப்பதையே குற்றமாக்கினார்கள். எனவே ஏழையின் சாப்பாட்டில் அரசாங்கம் கை வைத்தாலே நமக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கணும்தான்.

ஆனால் அவ்வளவு லேசாக முடிவு கட்டிவிட முடியாது. 1927இல் மகாடில் கூடிய மக்களிடம் செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று சொன்னவர் பாபாசாகேப். அதை நாம் ஆயா வேலை என்று சொல்வதில்லை. அடிமைத்தனம் எந்தக் கவளத்தின் வழியாக உள்ளே போகுது என்று அந்தச் சனத்திலேயே பிறந்தவர் காட்டிய இடம் அது. கறுப்பர்களிலும் அப்படிப் பேசியவர்கள் உண்டு. எலைஜா முகம்மது 1960களிலேயே பன்றிக்கறியை அடிமைக் காலத்து மிச்சம் என்று விலக்கச் சொன்னார். நகைச்சுவைக் கலைஞரும் போராளியுமான டிக் கிரிகோரி கறியையே விட்டார். ஜேன் பெர்ரியும் வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கார உபதேசி இல்லை. எனவே கேள்வி, சொல்வது யார் என்பதோடு முடியவில்லை. அந்தக் கடைகள் அங்கே எப்படி வந்தன? அதைக் கேட்கணும். கேட்டால் அரசாங்கத்தின் சாயம் வெளுக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதி தானாக ஏழையாகவில்லை. கறுப்பருக்கு விற்க மாட்டேன் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைக்கிற வழக்கம் அந்த நகரத்தில் இருந்தது. அப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமலாக்கக் கூடாது என்று 1948இல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு வரைந்த வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. ஊர், சேரி என்று நாம் சொல்வதை அவர்கள் வரைபடத்தில் கலர் பென்சிலால் செய்தார்கள். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதி பற்றியெரிந்தது. 34 பேர் செத்தார்கள். வெள்ளையர் வெளியேறினார்கள், அவர்களுக்குப் பின்னாடியே பெரிய மளிகைக் கடைகளும் புறநகருக்குப் போய்விட்டன.

அப்புறம் 1968. மெம்பிஸ் நகரத்தில் குப்பை அள்ளுகிற கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். 'நானும் மனிதன்' என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம். கறுப்பர் பகுதியில் மெக்டொனால்ட்ஸ் கடை வைத்திருந்த வெள்ளை முதலாளிகளுக்குப் பயம் பிடித்தது. கம்பெனி யோசித்தது. அதே வருடம் டிசம்பரில் சிகாகோவின் உட்லான் பகுதியில் ஹெர்மன் பெட்டி என்கிற கறுப்பருக்குக் கடை கொடுத்தது. மெக்டொனால்ட்ஸின் முதல் கறுப்பின பிரான்சைஸ் முதலாளி அவர். பிரான்சைஸ் என்றால் வேறொன்றுமில்லை: கம்பெனியின் பேரும் சரக்கும் சமையல் முறையும், நம்ம பணமும் நம்ம உழைப்பும். கம்பெனிக்கு மாதாமாதம் கப்பம்.

இதை அரசாங்கம் கையைத் தட்டி வரவேற்றது. கலவரத்துக்கு மருந்து 'கறுப்பு முதலாளித்துவம்' என்றார் நிக்சன். 1969 மார்ச்சில் சிறுபான்மையினர் தொழிலுக்கென்று தனி அலுவலகமே திறந்தார். சிறுதொழில் நிர்வாகத்தின் கடனும் கடன் உத்தரவாதமும் பிரான்சைஸ் கடைகளுக்குப் போயின. மளிகைக் கடை வைக்கப் பத்துத் தலைவலி: லாபம் கம்மி, இடம் நிறைய வேணும், சரக்கு அழுகும். பர்கர் கடைக்குக் கம்பெனியே வரைபடம் போட்டுத் தரும். அரசாங்க அதிகாரிக்கும் அது பத்திரமான கடன். இந்தக் கதையைச் சின் ஜோ என்கிற ஆய்வாளர் 2017இல் ஒரு புத்தகமாக எழுதினார். கறுப்பர்களின் பக்கமிருந்து விரிவாக எழுதியவர் மார்ஷியா சாட்டலேன். 2020இல் வந்த அவர் புத்தகத்துக்கு 2021இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. நம்ம தோழர்கள் ரெண்டையும் தேடிப் படிக்கலாம்.

இதில் நமக்கு உறுத்துகிற ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. கறுப்பர்களே இந்தக் கடைகளைக் கேட்டார்கள். 1969இல் கிளீவ்லாந்தில் ஒரு போராட்டம். கறுப்பர் பகுதியில் இருக்கிற மெக்டொனால்ட்ஸ் கடைகள் கறுப்பர் கைக்கு வரணும் என்று இயக்கங்கள் ஒன்றுசேர்ந்து மறியல் செய்தன, வாங்காதே என்று நின்றன. கடைசியில் ஜெயித்தார்கள். நம்ம காசு நம்ம தெருவிலேயே சுத்தணும் என்கிற நியாயம் அது. 1972இல் கறுப்பின பிரான்சைஸ் முதலாளிகள் தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்தார்கள். கம்பெனியோ அதே காலத்தில் தாம் பர்ரல் என்கிற கறுப்பின விளம்பரக்காரரைப் பிடித்துக் கறுப்பு முகங்களையே வைத்து விளம்பரம் செய்தது. பல ஊர்களில் பிள்ளைகளுக்கு முதல் வேலை கொடுத்ததும், விளையாட்டுக் குழுவுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கடைதான். கழிப்பறைக்கு உள்ளே விட்டதும், குளிரில் கிழவர்கள் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு உட்கார விட்டதும் அந்தக் கடைதான். இது தெரியாமல் 'விஷம், விஷம்' என்று கத்துவது வயிறு நிறைந்தவன் பேச்சு.

ஆனால் அதே 1969இல் இன்னொரு அடுப்பும் எரிந்தது. ஜனவரியில் ஓக்லாந்தில் ஒரு தேவாலயத்தில் பிளாக் பாந்தர் கட்சியினர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். முட்டை, ரொட்டி, பால், பழம். கொஞ்ச நாளில் அது நகரம் நகரமாகப் பரவியது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்களுக்குப் பேர் தேடியபோது எடுத்துக்கொண்டது இவர்கள் பேரைத்தான். துப்பாக்கியோடு நின்ற படங்கள்தான் நம்ம சுவர்களுக்கு வந்தன, முட்டை வேகவைத்த படம் வரவில்லை. எஃப்பிஐ தலைவர் ஹூவருக்கோ துப்பாக்கியைவிட அந்த முட்டைதான் பயம். கட்சிக்கு மக்களிடம் செல்வாக்கைக் கொண்டுவருவது இந்தக் காலை உணவுதான், இதை ஒழிக்கணும் என்று 1969 மே மாதம் தன் ஆட்களுக்கு எழுதினார்.

சிகாகோவை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரே நகரம். பெட்டி தன் கடையைத் திறந்த கொஞ்ச மாதத்தில் ஃபிரெட் ஹாம்டன் என்கிற இளைஞர் அங்கே பிள்ளைகளுக்குக் காலை உணவு போட்டுக்கொண்டிருந்தார். 71 டாலர் பெறுமான ஐஸ்கிரீமைக் கொள்ளையடித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்று அவர்மேல் ஒரு வழக்கு; தண்டனை ரெண்டிலிருந்து அஞ்சு வருஷம். 1969 டிசம்பர் 4ஆம் தேதி விடியற்காலையில் போலீஸ் வீடு புகுந்து படுக்கையிலேயே அவரைச் சுட்டுக் கொன்றது. வயது 21. ஒரு பக்கம் கடன், ஒரு பக்கம் குண்டு. எந்த அடுப்புக்கு எது கிடைத்தது என்று பாருங்கள். பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை மத்திய அரசு நிரந்தரமாக்கியது 1975இல்.

சாப்பாட்டை ஆயுதமாக்குவது அரசாங்கத்துக்குப் புதிதும் அல்ல. 1962 கடைசியில் மிசிசிப்பியின் லெஃப்ளோர் கவுண்டியில் கறுப்பர்கள் ஓட்டுரிமைக்குப் பேர் பதியப் போனார்கள். அதற்குத் தண்டனையாக, மத்திய அரசு அனுப்பிய இலவச மாவையும் பாலாடைக்கட்டியையும் கவுண்டி நிர்வாகம் நிறுத்தியது. பட்டினி கிடந்தவர்கள் இருபதாயிரத்துக்கு மேல். மேலே சொன்ன டிக் கிரிகோரிதான் வெளியூரிலிருந்து உணவு சேர்த்து விமானத்தில் கொண்டு போனார். இதைக் கண்ணால் பார்த்த ஃபேனி லூ ஹேமர் 1969இல் பக்கத்துக் கவுண்டியில் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுப் பண்ணை வைத்தார். பன்றிக்குட்டி கொடுத்து வளர்க்கச் சொன்னார். பட்டினி போட்டு மிரட்ட முடியாத சனம்தான் ஓட்டுப் போட முடியும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு எந்தச் சிறுதொழில் கடனும் ஓடி வரவில்லை. 1970களின் நடுவில் பண்ணை கைவிட்டுப் போயிற்று.

மறுபடியும் லாஸ் ஏஞ்சல்ஸ். 1991 மார்ச் 16. லட்டாஷா ஹார்லின்ஸ், வயது 15, தெற்குப் பகுதியில் ஒரு சின்ன மளிகைக் கடைக்குப் போனாள். 1 டாலர் 79 சென்ட் விலையுள்ள ஆரஞ்சுச் சாறு ஒரு போத்தல். திருடப் பார்க்கிறாள் என்று கடைக்காரம்மா பிடித்து இழுத்தாள். கைகலப்பு. பெண் போத்தலை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின் தலையில் குண்டு. கையில் ரெண்டு டாலர் இருந்தது. சுட்டவளுக்கு ஒரு நாள்கூடச் சிறை இல்லை. அபராதம் 500 டாலர், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 29இல் ராட்னி கிங் தீர்ப்பு வந்து ஊர் எரிந்தபோது சனங்கள் மனதில் இந்தப் பெண்ணும் இருந்தாள். அந்தத் தீயிலும் தன் கடைகள் தப்பித்தன என்று மெக்டொனால்ட்ஸ் பெருமை பேசிக்கொண்டது. தெற்குப் பகுதிக்கு சூப்பர் மார்க்கெட்டுகள் கொண்டு வருவோம் என்று பெரிய பெரிய வாக்குறுதிகள் வந்தன. வந்த கடைகள் சிலதான்.

அந்தத் தீக்குப் பிறகு ஒரே ஒரு நல்லது நடந்தது. அதைச் சொல்லாமல் 2008ஐப் பேச முடியாது. 41ஆம் தெருவும் அலமேடா சாலையும் சேருகிற இடத்தில் 14 ஏக்கர். 1980களில் நகராட்சி அதைக் குப்பை எரிக்கிற ஆலை கட்டக் கையகப்படுத்தியது. (குப்பை எரிக்க எந்தப் பகுதி கிடைத்தது பாருங்கள்.) அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பெண்கள் திரண்டு ஆலையைத் தடுத்தார்கள். 1992க்குப் பிறகு சும்மா கிடந்த மண்ணில் சனங்கள் பயிர் வைக்க அனுமதி கிடைத்தது. சுமார் 350 குடும்பங்கள், பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா மண்ணின் விவசாயிகள். சோளம், அவரை, கொய்யா, கீரைகள். சப்பாத்திக்கள்ளிகூட, அவர்கள் முள்ளைச் சீவிவிட்டுக் கறி சமைப்பார்கள். பெருநகரத்துக்கு நடுவில் பத்து வருடத்துக்கு மேல் ஒரு காடு. 2003இல் நகராட்சி அந்த நிலத்தைப் பழைய சொந்தக்காரருக்கே விற்றது. வழக்கு நடந்தது, மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள், ஒரு சினிமா நடிகைகூட ஏறினார். 2006 ஜூன் 13 காலையில் போலீஸ் வந்து ஆட்களை இழுத்துப் போட்டது. புல்டோசர் சோளக்கொல்லைக்குள் இறங்கியது.

அந்த நிலம் இருந்தது ஜேன் பெர்ரியின் வட்டத்தில். ரெண்டே வருடம் கழித்து அதே நகர சபை, இந்தச் சனங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டு பர்கர் கடைக்குத் தடை போட்டது.

தடையால் என்ன ஆனது? ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் ரோலண்ட் ஸ்டர்மும் டெபோரா கோஹனும் 2009இலேயே எண்ணிப் பார்த்தார்கள். ஆள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் தெற்குப் பகுதியில் பெரிய கம்பெனி பாஸ்ட்புட் கடைகள் மற்றப் பகுதிகளைவிடக் குறைவு! அதிகமாக இருந்தது பெட்டிக்கடை மாதிரியான சின்னக் கடைகள். சிப்ஸ், மிட்டாய், குளிர்பானம். 2015இல் ஸ்டர்ம் மறுபடி பார்த்தார். தெற்குப் பகுதியில் எடை கூடினவர்கள் 2007இல் நூற்றுக்கு 63 பேர். 2011-12இல் 75. நகரத்தின் மற்ற இடங்களில் 57லிருந்து 58. தடை வந்த பிறகு நிலைமை மோசமாகத்தான் ஆகியிருந்தது. தடைதான் குண்டாக்கியது என்று யாரும் சொல்லவில்லை. பழைய கடைகள் அப்படியே இருந்தன. வரிசைக் கட்டிடங்களுக்குள் புதுக் கடை வரலாம். பெட்டிக்கடைகளைத் தொடவே இல்லை. பொத்தல் பானையில் மேலே மட்டும் மூடி போட்ட கதை.

இதை வைத்து, பார்த்தியா தடையே தப்பு என்று கம்பெனிக்காரன் சிரிக்கிறான். அவனோடு சேர்ந்து நான் சிரிக்கத் தயாரில்லை. கம்பெனியை அந்தத் தெருவுக்கு அழைத்து வந்தது அரசாங்கக் கடன். அழைத்து வந்தவனுக்கு நிறுத்துகிற கடமையும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் கடை வேண்டாம், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் வேண்டாம் என்று கட்டுப்படுத்தினால் நான் கை தூக்குவேன். ஆனால் தடை கம்பெனியின் கையைக் கட்டணும், ஏழையின் கையைக் கட்டக் கூடாது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, மளிகைக் கடையை ஓட விட்டு, கூலியை ஏற்றாமல், பர்கரை மட்டும் பிடுங்குவது கர்னல் லாயிடு வேலைதான்.

கூலி என்றதும் இன்னொன்று. அந்தக் கடைகளில் உருளைக்கிழங்கு பொரிப்பவர்களும் இதே கறுப்பர், லத்தீன் சனங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, ரெண்டாவது வேலைக்குப் பஸ் பிடிக்கிறவள் வீட்டில் போய்க் கீரை ஆய்வாளா? நகர சபை விவாதத்தில் அவள் தின்கிறவளாக மட்டும்தான் வந்தாள். 2012 நவம்பரில் நியூயார்க் பாஸ்ட்புட் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டுக் கடையை விட்டு வெளியே வந்தார்கள். அது நாடெங்கும் பரவியது. 2024 ஏப்ரலிலிருந்து கலிபோர்னியாவில் பெரிய பாஸ்ட்புட் கம்பெனிகளில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். 2008 தடையைவிட அந்தத் தெருக்களின் சாப்பாட்டை மாற்றக்கூடியது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

தெற்குப் பகுதியில் ரான் ஃபின்லி என்று ஒரு கறுப்பர். 2010இல் தன் வீட்டுக்கு முன்னால், நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிடந்த துண்டு மண்ணில் காய்கறியும் பழமரமும் வைத்தார். அனுமதி வாங்கவில்லை என்று நகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. ஆமாம், அதே நகராட்சி, தடை அமலில் இருந்த அதே காலம். சனங்கள் கையெழுத்துப் போட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, 2013இல் விதியை மாற்றினார்கள். அவர் தோட்டத்துக்கு வேலி கிடையாது. ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு அம்மாவும் மகளும் அங்கே நின்றதைப் பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவரைக் கண்டதும் ரெண்டு பேருக்கும் கூச்சம். நீங்க இப்படி ஒளிஞ்சு வரவேண்டியதே இல்ல, தெருவுல வச்சதே அதுக்குத்தான் என்று அவர்களிடம் சொன்னாராம்.